சிறு படகுகளுக்கு ஏற்ற கடற்றுறையைத் தெரிந்தெடுத்தல்

சோழமண்டலக் கரையிலுள்ள கிராமங்களில் கட்டுமரம், வள்ளம், கண்ணாடியிழைப் படகு முதலிய சிறு கலங்களைக்கொண்டு கரையோரக் கடலில் மீன் பிடிப்போர் பலர். படகுக்கும் வலைக்கும் அடுத்தபடியாக இவர்களுக்கு இன்றியமையாதது, கலத்தை இறக்கவும் ஏற்றவும் தகுந்த இடமாகும். பரம்பரை மீனவர் இதனை அனுபவத்தால் அறிவர். புதிதாகப் படகு வைக்க எண்ணும் கரையோரக் குடியானவர்களும், துறைக்கென இடம் ஒதுக்கும் கிராம அதிகாரிகளும், கடல் அமைதியாயுள்ள ஒரு காலைப்பொழுதில் பார்த்து முடிவுசெய்துவிடுவதுண்டு. இது உயிருக்கும் பொருளுக்கும் கேடு விளைப்பதாகும்.

புறப்படுகையில் படகின் முகம் அலையை நோக்கியிருக்கும். அலை ஓயும் வரையில் காத்திருக்கவும் கூடும். திரும்புகையிலோ அலை பின்புறத்தைத் தூக்க, முன்புறம் நீரில் அமிழ்ந்து, படகு குறுக்கே திரும்பிக் கவிழும். அப்பொழுது மீன்பாரமும் இருக்கும். நண்பகலை அடுத்து எழும் கடற்காற்றும் அலையைப் பெருக்கும். ஆகவே, ஒரு துறையின் தகுதியைத் திரும்பிவரும் வசதியைக்கொண்டே அளவிடவேண்டும்.

கரையின் அமைப்பு

சரிவு மிகுந்த கரையில் அலை கரையின்மேலேயே மோதி உடைதலால் படகின் அடிப்பாகம் சேதமுறும். சரிவு மிகக் குறைந்த கரையில் அலை தூரத்திலேயே தொடங்கிப் பல வரிசைகளாக உடையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சரிவே நலம். உடையும் அலைகளின் நடுவே, அலை உடையாமல் நீர் கலங்கி வெளிநோக்கி ஓடும் இடைவெளி சிலவிடங்களில் காணப்படும். அது புறப்படுவதற்கு உதவும். ஆனால் திரும்பும் படகை எதிர்க்கும். புயலுக்குப்பின் இடம் மாறிவிடுதலும் உண்டு. குளிப்போருக்கு அது பேராபத்து.

முகத்துவாரங்கள்

ஆற்று முகத்துவாரம் பாதுகாப்பான துறைபோலத் தோன்றும். எனினும், நீர் வற்றி வெளியேறும் வேளையில், உள்நோக்கி வரும் அலை அவ்வோட்டத்துடன் மோதிச் செங்குத்தாக எழும். மேலும் கோடையில் ஆற்றுநீர் குறைந்து மணல் அடைத்துக்கொள்ளும். சென்னை அடையாற்று முகத்துவாரம் இதற்குச் சான்று. ஆண்டு முழுவதும் வழி திறந்திருக்குமா என்று விசாரித்தறிதல் வேண்டும்.

பருவமும் மணலோட்டமும்

மண்டபம், பாம்பன் ஆகிய ஊர்களில் வாடைக்காலத்தில் வடபுறத்துப் பாக் விரிகுடா கொந்தளிக்கையில், தென்புறத்து மன்னார் வளைகுடா அமைதியாயிருக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இது மாறும். அதனால் அங்குள்ள மீனவர் பருவத்துக்கேற்பத் துறையை மாற்றிக்கொள்கின்றனர். ஒரு பருவத்தில் நல்லதாயிருந்த இடம் எல்லாப் பருவத்திற்கும் நல்லதாகாது என்பது இதனால் விளங்கும்.

சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. கடலுக்குள் கற்சுவர் கட்டினால் தென்புறத்தில் மணல் சேரும், வடபுறம் அரிக்கப்படும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா மணற்பரப்பு அகன்றதும், வடக்கே இராயபுரக் கரை அரிக்கப்பட்டதும் இக்காரணம்பற்றியே. ஆதலின், கற்சுவருக்கு அடுத்த வடபுறத்தைத் துறையாகக் கொள்ளுதல் தகாது.

பரீட்சிக்கும் முறை

1. அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாட்களில் நீர் நன்கு வற்றும். அவ்வேளையில் நடந்து, பாறை, மணற்றிட்டு, பழைய கம்பங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க.

2. தேங்காய் மட்டையொன்றை நீரில் எறிந்து, அது செல்லும் திசையால் நீரோட்டத்தை அறிக.

3. அலைகள் சிறிதும் பெரிதுமாகக் கூட்டங்கூட்டமாய் வரும். ஆதலால் அரைமணி நேரமேனும் நின்று, பெரிய அலைகள் எங்கே உடைகின்றன என்று காண்க. பிற்பகலிலும் ஒருமுறை காண்க.

4. அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் செழித்து வளருமிடத்திற்கு அலை அடிக்கடி எட்டுவதில்லை. வாடைக்காலத்தில் படகுகளை அந்த எல்லை வரையில் ஏற்றி வைக்க இடம் இருத்தல் வேண்டும். மணலைப் பிணைக்கும் அக்கொடிகளை அழித்தலாகாது.

5. கோபுரம், பனை போன்ற இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்க்கோட்டில் தெரியும்படி வழியைக் குறித்துக்கொண்டால், திரும்புவோர் வழி தவறார்.

நிலமுடையோரும் அதிகாரிகளும் செய்யத்தக்கவை

கரையோரத்தில் சவுக்கும் தென்னையும் பயிரிடுவோர், துறைக்குச் செல்லும் பாதையை வேலியிட்டு அடைக்கலாகாது. கரைப் புறம்போக்கில் படகு ஏற்றவும், வலை உலர்த்தவும், மீன் காயவைக்கவும் நெடுங்காலமாக வழங்கிவரும் இடங்களைக் கிராம அதிகாரிகள் ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கலந்து வரையறுத்துக் காத்தல் வேண்டும். ஏலக்கூடம் முதலிய கட்டடம் எழுப்புமுன், 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் விதிகளைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

துறை எவ்வளவு நல்லதாயினும், வானிலை நிலையத்தாரின் புயலெச்சரிக்கையும், ஐதராபாத்திலுள்ள தேசியக் கடல்சார் தகவல் நிலையத்தாரின் உயரலை எச்சரிக்கையும் உள்ள நாளில் படகை இறக்கலாகாது. காற்று வீசாத நாளிலும் தொலைதூரக் கடலில் எழுந்த பேரலை கரையை அடைவதுண்டு. ஒருநாள் மீனை இழப்பினும் மறுநாள் பெறலாம். படகும் ஆளும் போனால் அக்குடும்பம் நிலைகுலையும்.