முதலில் குழாய், பிறகுதான் நெருப்பு

மன்னார்த் தீவுப் பொடியன் ஒருவன் தீயணைப்பு வேலைக்குப் போக ஆசைப்பட்டால், எந்தக் கந்தோருக்கு விண்ணப்பிப்பது என்பதிலேயே முதல் குழப்பம் வரும். பொலிஸ் போல நாடு முழுவதற்கும் ஒரே படையாக இலங்கையில் இது இல்லை. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகள்தான் தீயணைப்புப் பிரிவுகளை நடத்துகின்றன. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்த இரவில் அந்த ஊரில் தீயணைப்பு வண்டியே இல்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. நூறுக்கு மேற்பட்ட கடைகள் போன பிறகுதான் கரைச்சி பிரதேச சபைக்கு ஒரு பிரிவு கிடைத்தது. ஆகவே சபைகளின் வெற்றிட விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கல்வித் தகைமை, உடற்தகுதிச் சோதனை, நேர்முகம் எல்லாம் மற்ற அரச வேலைகளைப் போலத்தான்.

தெரிவானவுடன் நெருப்பு காட்டுவார்கள் என்று நினைத்துப் போகிறவனுக்கு முதல் கிழமை ஏமாற்றம். குழாய் உருட்டச் சொல்வார்கள். நீளமாக விரித்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்து, நடுவில் மடித்து, மடிப்பிலிருந்து உருட்டி வந்தால் இரண்டு கப்ளிங்குகளும் வெளிப்பக்கம் வந்து நிற்கும். பிறகு அவற்றைக் கையில் பிடித்தபடி சுருளை முன்னால் ஓடவிட்டால் குழாய் தானாக விரியும். ஒருமுறை சரியாக வந்தால் போதாது. இருட்டில், கையுறையோடு, நூறு தடவை வரவேண்டும். தீவின் மணலில் இதற்கு இன்னொரு பாடமும் உண்டு: கப்ளிங் வாயில் ஒட்டும் மணலைத் துடைக்காமல் பூட்டினால் உள்ளே இருக்கும் றப்பர் வளையம் சரியாக அமராது, தண்ணீர் பீச்சியடிக்கும்.

அடுத்தது கணக்கு. 63 மில்லிமீற்றர் விட்டமும் 30 மீற்றர் நீளமும் உள்ள ஒரு குழாய்க்குள் மட்டும் ஏறத்தாழ 93 லீற்றர் தண்ணீர் நிற்கும். மூன்று குழாய் பூட்டினால் நொசிலில் ஒரு சொட்டு வருமுன்னே 280 லீற்றர் போய்விடும். 4,500 லீற்றர் தாங்கியை நிமிடத்துக்கு 450 லீற்றர் வீதம் திறந்தால் பத்தே நிமிடம். "தம்பி, தண்ணி எவ்வளவு நேரத்துக்குக் காணும்?" என்று பயிற்றுநர் எந்த நேரமும் கேட்பார், பதில் வாயில் நிற்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் முடியுமுன் அடுத்த தண்ணீரைக் கண்டுபிடிப்பதுதான் வேலையின் பாதி என்று நான் சொல்வேன்.

சுற்றிவரக் கடல் இருக்க என்ன பஞ்சம் என்று கேட்கலாம். கோட்பாட்டின்படி பம்ப் 10 மீற்றர் அளவுக்குத் தண்ணீரை மேலே இழுக்க முடியும். நடைமுறையில் 7 மீற்றர் தாண்டினால் சந்தேகம். உயரத்தில் மன்னாருக்குப் பிரச்சினை இல்லை, தீவு தாழ்ந்த நிலம். பிரச்சினை ஆழத்தில். கரையோரம் கடல் முழங்காலளவு நிற்கும் இடத்தில் உறிஞ்சு குழாயின் வாய் முழுதாக மூழ்காது. மேலே சுழி விழுந்து காற்று உள்ளே போனால் பம்ப் வெறுமனே கத்தும். அதனால் வாயை ஒரு பிரம்புக் கூடைக்குள் வைத்து, கயிறு கட்டி, ஆழமான இடம் தேடி இறக்கப் பழக்குவார்கள். கூடை இல்லாவிட்டால் மணலும் பாசியும் பம்பின் வயிற்றுக்குள். கிணறு என்றால் ஊற்று எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மணற் கிணற்றைப் பம்ப் வைத்து வற்றவைக்க அதிக நேரம் பிடிக்காது.

ஏணி ஏறுவது, கயிற்று முடிச்சு, முதலுதவி எல்லாம் இதற்கிடையில் நடக்கும்.

சுவாசக் கருவி வரும்போதுதான் பலர் தடுமாறுவார்கள். 6 லீற்றர் சிலிண்டரை 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 1,800 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 40 லீற்றர் இழுப்பவனுக்கு 45 நிமிடம். பயந்து 60 இழுப்பவனுக்கு அரை மணித்தியாலம். இதற்குள் வெளியேறும் நேரமும் அடக்கம். முகமூடிக் கண்ணாடியை மறைத்துவிட்டு இருட்டறைக்குள் விடுவார்கள். ஒரு கை சுவரை விடக்கூடாது; மற்றக் கையின் புறங்கையால் முன்னால் தடவ வேண்டும். உள்ளங்கை மின் கம்பியில் பட்டால் விரல்கள் இறுகி அதைப் பிடித்துக்கொள்ளும், புறங்கை பட்டால் விலகும். வாசலில் பலகை வைத்து, யார் எத்தனை மணிக்கு எவ்வளவு காற்றோடு போனான் என்று எழுதுகிறவன் பேச்சை உள்ளே போனவன் மறுக்கக்கூடாது.

இதற்குப் பிறகுதான் நெருப்பு. மன்னாரில் வேலை செய்யப் போகிறவனுக்கு இங்கே சொல்ல வேண்டியது சோளகம். தென்மேற்கிலிருந்து அது அடிக்கும் மாதங்களில் கரையோர வாடி ஒன்றில் கிடுகு பற்றினால், எரியும் வாடியை நோக்கி ஓடுவது முதல் பிழை. அது போனதுதான். காற்று போகும் பக்கம் ஓடி, அடுத்ததற்கு அடுத்த வாடியின் கிடுகைப் பிரித்துப் போட்டு இடைவெளி உண்டாக்க வேண்டும். பனையில் காவோலை பிடித்தால் தீப்பொறி பறந்து அடுத்த வட்டில் உட்காரும்; அணைந்த மரத்துக்கு மறுபடி வந்து பார்க்காமல் போகக்கூடாது. மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டிய பைபர் படகு எரிந்தால் வெறும் தண்ணீர் எண்ணெயைப் பரப்பும், நுரை வேண்டும். தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனிக் காற்றாலைகள் 30இல் ஒன்றின் தலை எரிந்தால் எந்தக் குழாயும் எட்டாது. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, ஆட்களை விலக்கி, கீழே விழுவதை அணைப்பதோடு சரி.

வேலை உறுதியான பிறகு ஏறும் படிகள் வேறு விதம். கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்தவன் வண்டிக்கும் பம்புக்கும் போவான். தரம் உயர வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை, அதோடு இரண்டாம் மொழித் தேர்ச்சி. பிரித்தானியாவில் 1918இல் தொடங்கிய தீப் பொறியியலாளர் நிறுவகத்துக்கு இலங்கையிலும் கிளை உண்டு. அதன் பரீட்சைகள் ஆங்கிலத்தில். பம்பைக் காதால் கேட்டே குறை சொல்லக்கூடிய ஒருவன் தாளுக்கு முன்னால் திணறுவது எனக்குச் சங்கடமான காட்சி. இரண்டாம் மொழியிலோ, சேர்ந்த முதல் வருடமே சிங்களத்தைத் தொடங்குகிறவனுக்குத்தான் பின்னால் லேசு.

நெருப்பு அணைந்த பிறகும் புதியவனுக்கு வீடு இல்லை. கடல் தண்ணீர் ஓடிய பம்பையும் குழாயையும் உப்புக் காயுமுன் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் வால்வு அடுத்த மாதம் திறக்காது. கழுவிய குழாயை நிழலில் தொங்கவிட்டு, காய்ந்ததை உருட்டி, தாங்கியை நிரப்பி, புத்தகத்தில் நேரம் எழுதிய பிறகுதான் தேத்தண்ணீர்.