பெயர் மயக்கமும் குருத்தணுச் சோதனையும்

டில்லியில் ஒரு பன்சாரி கடைக்குச் சென்று சங்குபுஷ்பி வேண்டுமென்று கேட்டால், தரையோடு படரும் சிறு பூண்டு ஒன்றின் பொடியைக் கட்டிக் கொடுப்பார்கள். கேரளத்து வைத்தியரிடம் அதே பெயரைச் சொன்னாலோ, அவர் எடுத்துத் தருவது நம் வேலிகளில் நீலப் பூவோடு படர்ந்திருக்கும் சங்குப்பூக் கொடி. வல்லாரையையும் நீர்ப்பிரமியையும் நாம் இரண்டாக அறிவோம். வடக்கே இவ்விரண்டும் பிரமி என்ற ஒரே பெயரால் வழங்குவதுண்டு. பிற மாநிலங்களில் குடியிருக்கும் நாம் இம்மயக்கத்தை அடிக்கடி காண்கிறோம். பெரும்பாலும் சிரித்துவிட்டு அப்பால் செல்கிறோம். ஆயின் பெல்ஜியத்தில் இத்தகைய பெயர் மயக்கம் ஒன்று நூற்றுக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகங்களைப் பாழாக்கியது.

பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிய விரும்பியோருக்கென ஒரு மருத்துவ நிலையத்தில் கொடுக்கப்பட்டு வந்த மருந்துக் கூட்டில், 1990-ஆம் ஆண்டில் சீன மூலிகைகள் இரண்டு புதிதாகச் சேர்க்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளுக்குள் இளம் பெண்கள் சிலர் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வரலாயினர். ஒன்பது பெண்களைப் பற்றிய முதல் அறிக்கை 1993-இல் வெளிவந்தது. ‘பாங் ஜி’ என்னும் சொல் சீனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளைக் குறிக்கும். வேண்டியிருந்தது ஒன்று, மூட்டையில் வந்து சேர்ந்ததோ அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த மற்றொன்று. அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை அரித்ததோடு நிற்கவில்லை. செயலிழந்த சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொள்ள இசைந்த 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் காணப்பட்டதென 2000-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பின்னர் நேர்ந்தது இது.

இந்த இனத்துச் செடி நமக்கு அயலானதன்று. கரிசல் நிலத்தில் காணும் ஆடுதின்னாப்பாளை இதன் உறவே, ஈசுவரமூலியும் அவ்வாறே. முதலாவதன் பெயரிலேயே ஆட்டின் தீர்ப்பு அடங்கியிருப்பதைக் கவனிக்கலாம்.

விற்பனைக்கு முன்னரே இத்தகைய தீங்கைக் கண்டறிய வழியில்லையா என்ற கேள்வி எழுவது இயல்பு. மருந்து என்று விற்கப்படும் பொருள், தன் பாதுகாப்பை முன்கூட்டியே மெய்ப்பித்தாக வேண்டும். சத்து மாத்திரை, ஊட்டப் பொடி, மூலிகைச் சாறு அடைத்த குப்பி ஆகியன பல நாடுகளில் உணவின் பக்கம் வைக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இவற்றை விற்குமுன் அரசின் ஒப்புதல் பெற வேண்டுவதில்லை. நம் நாட்டிலும் உடல்நலத் துணையுணவுகள் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழேயே வருகின்றன. ஆகவே, முதன்முதலாகச் சோதித்துப் பார்ப்பவர் பல வேளைகளில் அதனை விலை கொடுத்து வாங்கியவரே.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் போதாதோ எனின், போதாது என்பதைத் தாலிடோமைடு மருந்து கற்பித்தது. 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, கருவிலிருந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கைகால்களைக் குறைத்த அம்மருந்து 1961-இல் திரும்பப் பெறப்பட்டது. எலியின் கருவோ அதனைப் பொறுத்துக்கொள்ளும். இவ்வேற்றுமைக்கு ஒரு முக்கியக் காரணம் 2018-இல் புலனாயிற்று: மனிதக் குருத்தணுக்களில் அம்மருந்து, உறுப்புகள் உருவாவதற்கு வேண்டிய சால்-4 என்னும் புரதத்தை அழிக்கிறது, எலியின் அணுக்களில் அழிப்பதில்லை.

நாளிதழ்கள் ஸ்டெம் செல் என்று எழுதும் இக்குருத்தணு யாது? வாழைக்குருத்து இலையாக விரிவதுபோல, உடலின் எந்த உறுப்பின் அணுவாகவும் விரியும் ஆற்றல் இன்னும் செலவாகாத உயிரணு அது. மனிதக் கருவிலிருந்து அதனை 1998-இல் பிரித்து வளர்த்தனர். கருவைத் தொடாமலே அதனைப் பெறும் வழியை ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா கண்டார். வளர்ந்த எலியின் தோலணுவில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி 2006-இலும், மனிதத் தோலணுவைக் கொண்டு 2007-இலும் அதனைக் குருத்து நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவ்வாறு பெற்ற அணுக்களை ஆராய்ச்சிச் சாலையில் ஈரல் அணுவாகவும், நரம்பணுவாகவும், சிறுநீரகத் திசுவாகவும் வளர்க்கிறார்கள். இதய அணுவாக வளர்த்தவை கண்ணாடித் தட்டில் தாமாகவே துடிக்கின்றன.

அத்தட்டில் ஒரு மாத்திரையின் சாற்றைச் சிறிது சிறிதாக அளவு கூட்டிச் சேர்த்தால், துடிப்பின் ஒழுங்கு எந்த அளவில் குலைகிறதென்பதை மின்முனைகள் காட்டிவிடும். ஈரல் அணுக்கள் எப்போது சாகின்றன, குருத்தணுக்கள் பிற அணுக்களாக மாறுவது எங்கே தடைப்படுகிறது என்பனவும் இவ்வாறே அளக்கப்படுகின்றன. பின்னதைக் கொண்டு கருவுற்ற பெண் உண்ணக்கூடாதது எதுவென ஊகிக்கலாம். கருவுற்றோரிடம் நேரே சோதனை நடத்த எவரும் துணியாராதலின் இச்சோதனைக்குத் தனி மதிப்புண்டு.

மூலிகைகளுக்கெனவே இம்முறைகளைச் சீர்ப்படுத்த, அமெரிக்க அரசு நிலையங்களும் பிறரும் 2019-இல் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினர். அவர்கள் தொடங்கிய விதம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. புதிய மூலிகையை எடுத்துக்கொள்ளாமல், குணம் முன்பே தெரிந்த அரிஸ்டோலோக்கியா, அரளி, எபெட்ரா, அமுக்கரா போன்றவற்றைத் தேர்ந்தார்கள். தெரிந்த நஞ்சைக் காட்டிக்கொடுக்காத சோதனையை, தெரியாத பொருளுக்கு எங்ஙனம் நம்புவது? இவற்றுள் எபெட்ரா, மெலிவு மாத்திரைகளில் சேர்ந்து இதயத்திற்கு ஊறு விளைத்ததால், 2004-இல் அமெரிக்காவில் துணையுணவுகளில் தடைசெய்யப்பட்டது.

இச்சோதனையின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. அரிஸ்டோலோக்கியாவின் அமிலம் தானாக மரபணுப் பொருளைத் தாக்குவதன்று. உடலின் நொதிகள் அதனை வேறொன்றாக மாற்றிய பின்னரே தாக்குகிறது. அந்நொதி குறைந்த அணுவை வைத்துச் சோதித்தால் ‘தீங்கில்லை’ என்ற பொய்ச் சான்று கிடைக்கும். குருத்திலிருந்து வளர்த்த ஈரல் அணுக்கள் முதிர்ந்தவர் ஈரலைவிடக் கருவின் ஈரலையே பெரிதும் ஒத்திருப்பதால் இவ்வச்சம் வெறும் கற்பனையன்று. மேலும், பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளாலும் மஞ்சள் மாத்திரைகளாலும் ஈரல் கெட்டவர்களுள் பலரிடம் ஒரு குறிப்பிட்ட பரம்பரைக் கூறு இருப்பதைக் கண்டுள்ளனர். அது உடலின் எதிர்ப்புச் சக்தியைச் சார்ந்தது. தட்டில் ஈரலணு மட்டும் தனித்திருந்தால் அவ்வகைத் தீங்கு வெளிப்படாது. குழம்பில் இடும் மஞ்சளைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. சாரத்தைச் சுண்ட வைத்து அடைத்த மாத்திரைகளைப் பற்றியே பேசுகிறோம்.

நம் நாட்டில் புதிய மருந்துகளுக்கான விதிகளில் 2023-இல் செய்த திருத்தம், விலங்குச் சோதனைக்கு மாற்றாக மனித அணுக்களைக் கொண்ட சோதனைகளுக்கும் இடமளித்துள்ளது. ஆனால் அது மருந்துக்கான விதி. கடையில் நாம் வாங்கும் சத்துக் குப்பியைக் கட்டுப்படுத்துவதன்று.

சோதனை எவ்வளவு கூர்மையானதாயினும், தட்டில் இட்ட சாற்றைப் பற்றி மட்டுமே அது பேசும். உறையினுள் உள்ளதும் அதே செடிதானா என்பதை வேறொருவர் உறுதி செய்தாக வேண்டும். பிரஸ்ஸல்ஸில் தவறியது அந்த இடத்திலேதான். அயல் மாநிலத்து மருத்துவர், ‘வேறு என்ன மருந்து உண்கிறீர்கள்?’ என்று கேட்கும்போது, ஊரிலிருந்து தாயார் கட்டியனுப்பிய பொட்டலத்தையும் கடையில் வாங்கிய குப்பியையும் நம்மில் பலர் மருந்தாகக் கருதிச் சொல்வதில்லை. சொன்னாலும் தமிழ்ப் பெயர் அவருக்கு விளங்குவதில்லை. பொட்டலத்தின் மேல் செடியின் தாவரவியற் பெயரை எழுதியனுப்பும்படி ஊர் மருந்துக்கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். கேட்டால் எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள்.