சந்தியில் நிறுத்தற் பலகை வேண்டுமா?



ஊர்ச் சந்தியொன்றில் விபத்து நிகழ்ந்துவிட்டால், "இங்கே நிறுத்தற் பலகை நாட்டுதல் வேண்டும்" என்று மறுநாளே ஊரவர் கேட்பது இயல்பு. ஒரு வீதிக்கு ஏற்கெனவே பலகை இருப்பின், "மற்ற வீதிகளுக்கும் வேண்டும்" என்பர். இக்கோரிக்கை நியாயமானதா என்பதை எவ்வாறு துணிவது? அதனையே இன்று ஆராய்வோம்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் ஏ 15 கரையோர வீதியிலே, வாகரைக்கு வடக்கே, கடலை அண்டிக் கிடப்பது கதிரவெளி. அவ்வீதியின் ஆற்றுமுகங்களைப் 'பாதை' ஏறிக் கடந்த காலம் ஒன்று இருந்தது. போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தபின் பாலங்களும் செப்பனிட்ட தார் வீதியும் அமைந்தன. வழி நன்றாயிற்று, வேகமும் கூடிற்று. ஆனால் ஒழுங்கைகளிலிருந்து அவ்வீதிக்கு வருவோர் அன்றுபோலவே துவிச்சக்கரவண்டியிலும் உழவு இயந்திரத்திலும் கால்நடையாகவுமே வருகின்றனர். இத்தகைய ஊருக்கு நாம் கேட்ட வினா வெறும் ஏட்டு வினா அன்று. பிள்ளைகளின் உயிரைப் பற்றிய வினா.

முதலில் பலகையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அமெரிக்க நாட்டின் டெட்ரோயிட் நகரிலே 1915ஆம் ஆண்டில் முதலாவது நிறுத்தற் பலகை நாட்டப்பட்டது. அது வெள்ளை நிறத்தில் கறுப்பு எழுத்துடையது. எண்கோண வடிவம் 1920களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்டது. பலகையின் பக்கங்கள் கூடக்கூட இடரும் பெரிது என்பது அதனை வகுத்தோர் கொண்ட முறை. இரவிலும் மங்காத சிவப்பு வண்ணம் அக்காலத்திற் கிடையாமையால் பலகை நெடுங்காலம் மஞ்சளாகவே இருந்தது. 1954இலேதான் அங்கே சிவப்பு விதியாயிற்று. பின்னர் 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை எண்கோணச் சிவப்புப் பலகையை உலக நாடுகளுக்குப் பொதுவான குறிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இப்பலகை செய்யும் தொழில் யாது? இரு வீதிகள் சந்திக்குமிடத்தில் யார் முதலிற் செல்வது, யார் காத்து நிற்பது என்பதை அது உரைக்கின்றது. அவ்வளவே அதன் தொழில். வேகத்தைக் குறைப்பது அதன் தொழிலன்று. வேகத்தைக் கட்டுப்படுத்த நிறுத்தற் பலகையைப் பயன்படுத்தலாகாது என அமெரிக்க வீதிக்குறிக் கைந்நூலும் கூறுகின்றது. பலகையை ஒட்டிய சிறு தொலைவில் வேகம் குறையும். அதனைத் தாண்டியதும், இழந்த நேரத்தை மீட்பதற்கு ஓட்டுநர் முன்னிலும் விரைவர். வேகமே குறையென்றால், அதற்கு மருந்து வேகத்தடை முதலியனவேயன்றி இப்பலகை அன்று.

இன்னொன்றையும் நினைத்தல் வேண்டும். நாளும் பத்துமுறை ஒரு பலகையின்முன் நின்று, பத்துமுறையும் குறுக்கே ஒருவரையும் காணாத ஓட்டுநர், பதினோராம் முறை நிற்க மாட்டார். ஆனால் வீதியோரத்து நிற்கும் சிறுமியோ பலகையை நம்புகின்றாள். வண்டி நிற்கும் என்றெண்ணி அடியெடுத்து வைக்கின்றாள். தேவையற்ற பலகை பயனற்றது மாத்திரமன்று, ஆபத்தானதும் ஆகும் என்பது இதனாலேயே.

ஆகவே, பலகையைக் கேட்குமுன் ஆராய வேண்டியவை நான்கு.

முதலாவது, கண்பார்வை. ஒழுங்கையின் முகப்பிற் கிடுகு வேலியோ, மதிலோ, பூவரச மரமோ மறைத்து நின்றால், வருகின்ற வண்டி தெரியாது. முப்பது மீற்றர் தொலைவே தெரியும் ஒரு மூலையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் அத்தொலைவை மூன்று விநாடிக்குள் கடந்துவிடும். ஆறு மீற்றர் அகலமுள்ள வீதியைக் கடக்க ஒரு பிள்ளைக்கு ஐந்து விநாடியாவது வேண்டும். இங்கே முதல் வேலை பலகை நாட்டுவதன்று. வேலியைப் பின்னே நகர்த்துவதும் கிளையை வெட்டுவதுமாகும். அதன் பின்பும் நின்று பார்த்தாலன்றி வழி தெரியாதெனின், அவ்விடம் நிறுத்தற் பலகைக்கு உரியது. தொலைவிலிருந்தே வழி நன்கு தெரியுமாயின், 'வழிவிடுக' என்னும் குறியே போதும்.

இரண்டாவது, வேகம். உலர்ந்த தார் வீதியில், நல்ல பிரேக்குடைய வண்டி 50 கிலோமீற்றர் வேகத்திற் சென்றால், ஓட்டுநர் இடரைக் கண்டது முதல் நிற்கும் வரை ஏறத்தாழ 35 மீற்றர் ஓடும். 70 கிலோமீற்றர் வேகமாயின் ஏறத்தாழ 56 மீற்றர் ஓடும். மழையிலும், தாரின்மேல் மணல் படிந்த இடத்திலும் இத்தொலைவு இன்னும் நீளும்.

மூன்றாவது, போக்குவரத்தின் தொகை. நாற்புறமும் நிறுத்தற் பலகை நாட்டுவதற்கு அமெரிக்கக் கைந்நூலின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு வகுத்த அளவுகளுள் ஒன்று இது: நாளில் எட்டு மணி நேரம், பெருவீதியில் மணிக்குச் சராசரி 300 வண்டிகளும், குறுக்கு வீதியில் வண்டி, சைக்கிள், பாதசாரி அனைத்தும் சேர்ந்து 200உம் வருதல் வேண்டும். நம் சிற்றூர்ச் சந்திகளில் இத்தொகை பெரும்பாலும் வாராது. எனினும் எண்ணிப் பார்க்கும் முறையை நாம் கைக்கொள்ளலாம். ஒரு கொப்பியும் பேனாவும் கொண்டு, சாதாரண நாட்கள் மூன்றில் எண்ணுங்கள். காலை ஏழரைக்குப் பாடசாலை தொடங்குமுன்னும், பிற்பகல் ஒன்றரைக்கு அது விட்டபின்னும் உள்ள நேரங்களைத் தவறவிடாதீர்கள். வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கும் கதிர்காமப் பாத யாத்திரைக்கும் அடியார் செல்லும் நாட்களின் தொகையைக் கொண்டு முடிவு செய்யலாகாது. அந்நாட்களுக்கு வேண்டுவது பொலிசாரின் துணை.

நான்காவது, விபத்து வரலாறு. ஒரு விபத்தை வைத்து முடிவு கூறல் அரிது. முன்சொன்ன பதிப்பு, பலகையால் தடுக்கக்கூடிய விபத்துகள் பன்னிரண்டு மாதத்தில் ஐந்து நிகழ்ந்தனவா என்று கேட்டது. 'தடுக்கக்கூடிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரவில் விளக்கின்றி வந்த வண்டி மாட்டில் மோதியதைப் பலகை தடுக்காது. ஒழுங்கையிலிருந்து நில்லாமற் பாய்ந்ததால் வந்த மோதலைத் தடுக்கும். சிற்றூரில் சிறு விபத்துகள் பொலிசுப் பதிவில் ஏறுவதில்லை. ஆகையால், தப்பிப் பிழைத்த நிகழ்ச்சிகளையும் நாளும் நேரமும் குறித்து எழுதி வைத்தல் நன்று.

இனி, கதிரவெளி போன்ற ஊருக்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்போம். நெடுந்தூர வண்டிகள் ஓடும் ஏ 15 வீதியை ஒவ்வோர் ஒழுங்கை முகப்பிலும் நிறுத்தச் சொல்வது பயன்தராது. அங்கே நிற்க வேண்டியவர் ஒழுங்கையிலிருந்து வருபவரே; பலகையும் அவரை நோக்கியே இருத்தல் வேண்டும். பெருவீதியில் வருவோருக்குச் சந்தியை முன்னறிவிக்கும் குறியும், பிள்ளைகள் கடக்குமிடத்தில் பாதசாரிக் கடவையும், பாடசாலை அருகில் வேகக் குறைப்பும் ஏற்றவை. ஊருக்குள்ளே இரண்டு ஒழுங்கைகள் குறுக்கிடும் நாற்சந்தி வேறு வகையானது. முச்சந்தியில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டக்கூடிய புள்ளிகள் ஒன்பது, நாற்சந்தியிலோ முப்பத்திரண்டு. அங்கே போக்குவரத்துக் குறைந்த ஒழுங்கைக்கு மாத்திரம் பலகை வைத்துப் பார்ப்பது முதற்படி. இரு ஒழுங்கைகளிலும் நடமாட்டம் ஒத்திருந்து, பார்வையும் மறைந்திருந்தாலே நாற்புறப் பலகை பொருந்தும்.

இக்கோரிக்கையை யாரிடம் கொண்டுசெல்வது? ஏ 15 போன்ற தேசிய நெடுஞ்சாலை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஊர் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு. "எங்கள் சந்தி ஆபத்தானது" என்று மட்டும் எழுதிய கடிதம் கட்டோடு கட்டாகக் கிடக்கக் கூடும். மூன்று நாள் எண்ணிக்கையும், மூலையிலிருந்து அளந்த பார்வைத் தொலைவும், நாளிட்ட நிகழ்ச்சிக் குறிப்பும், கையால் வரைந்த படமும் சேர்ந்த கடிதத்தை அவ்வாறு ஒதுக்கிவிடுதல் எளிதன்று. கிராம அபிவிருத்திச் சங்கமும் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவரும் சேர்ந்தால் இதனை ஒரு வாரத்தில் முடிக்கலாம்.

இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர். எண்ணிய பின்னர், உங்கள் சந்திக்குப் பலகை வேண்டியதில்லை என்ற முடிவு வரலாம். அப்போதும் உழைப்பு வீணன்று. மறைத்து நின்ற வேலி எது, விரைந்து வரும் வண்டி எந்நேரத்தது, பிள்ளைகள் கடக்க ஏற்ற இடம் எது என்பனவற்றை ஊர் அறிந்திருக்கும். அந்த வேலியை அகற்றுவதற்கு எவருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வேலிக்கு உரியவருடைய சம்மதம் ஒன்றே போதும்.