கல்லாவுக்குப் பூட்டு உண்டு, கணிப்பொறிக்கு?

சிட்டையும் பேரேடும் எழுதிப் பழகிய கை நமது கை. படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோதுதான் நமது சேவூர் மொத்தக் கடைக்குள் கணிப்பொறியும் வந்தது. பில் போடப் பையன் இருக்கிறான், பழுது பார்க்க அவிநாசியிலிருந்து ஆள் வருகிறார், நமக்கெதற்கு அந்த வித்தை என்று இருந்துவிட்டோம்.

ஒரு திங்கட்கிழமை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை ஏலம், கடைவீதி முழுக்கக் கூட்டம். காலை ஒன்பது மணிக்குக் கணிப்பொறிக்குள் 'டக் டக்' என்று சத்தம் கேட்டது. திரை கறுத்து நின்றுவிட்டது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றார் பழுது பார்ப்பவர்.

"பேக்கப் இருக்குதுங்க முதலாளி, தினமும் டி டிரைவுல போட்டு வெச்சிருக்கனுங்க" என்றான் பையன்.

"சியும் டியும் ஒரே டிஸ்க்குதானுங்க தம்பி" என்றார் அவர்.

ஒரே கிடங்கை நடுவில் தடுத்து இரண்டு அறையாக்கிவிட்டு, இந்த அறையில் தீப்பிடித்தால் அந்த அறைச் சரக்கு இருக்கும் என்று நம்பிய கதைதான். எட்டு மாதக் கணக்கு போயிற்று. தாக்கல் செய்த விற்பனை விவரம் ஜி.எஸ்.டி. தளத்தில் கிடைத்தது. கொள்முதல் பில்களை விற்றவர்களிடமே நகல் கேட்டு வாங்கினோம். ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்பது எந்தத் தளத்திலும் இராது. பாதி நமது ஞாபகத்தில், மீதி வாடிக்கையாளர் நாணயத்தில் எழுதினோம். ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். ஆகவே இது வெறும் கடன் பாக்கிச் சங்கதியும் அல்ல.

அதன்பிறகு நோட்டும் பேனாவுமாக, ஞாயிறுதோறும் அவரிடமே பாடம் கேட்டோம். பேத்தி சிரித்தாள், சிரிக்கட்டும்.

முதல் பாடம் பேக்கப். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கடைக்கு வெளியே. வெளி டிஸ்க் இரண்டு வாங்கி 'ஒற்றை', 'இரட்டை' என்று சீட்டு ஒட்டினோம். தேதிப்படி ஒன்று கடையில், மற்றது சாப்பாட்டுப் பையில் வீட்டுக்கு. இணையத்திலும் ஒரு பிரதி. எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை வேறு கணிப்பொறியில் ஏற்றி, ஏதாவது ஒரு வாடிக்கையாளர் பாக்கி சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். நிறுத்துப் பார்க்காமல் மூட்டை இறக்குவோமா?

டிஸ்க்கை மாட்டியபடியே விடக்கூடாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் வைரஸ் மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். 2017 மே மாதம் 'வானாக்ரை' என்னும் அத்தகைய வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது; அதை ஏற்றாதவர்களே பெரும்பாலும் சிக்கினார்கள். 'அப்டேட்' கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்று தட்டிவிடும் அன்பர்கள் கவனிக்க. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன.

2024 ஜூலை இறுதியில் கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தில் இதே வகை வைரஸ் புகுந்தது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் செய்த முதல் காரியம், அந்த நிறுவனத்தின் தொடர்பைத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்குப் பணப்பரிமாற்றம் நின்றது. மற்ற வங்கிகளுக்கு நோய் பரவவில்லை. கடையிலும் அப்படித்தான்: மிரட்டல் திரையில் தெரிந்தால் முதலில் நெட் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். பேக்கப் டிஸ்க்கை அருகே கொண்டு போகாதீர்கள். 1930-க்குப் புகார் சொல்லுங்கள்.

கடவுச்சொல் சங்கதி தனி. நம்மிடமிருந்து விலகிய கணக்குப்பிள்ளைக்குத்தான் ரவுட்டரின் கடவுச்சொல் தெரியும் என்பது, அவர் போன இரண்டு மாதம் கழித்தே நமக்குத் தெரிந்தது. இப்போது ஆளுக்கொரு பயனர் பெயர். விலகினால் அன்றே நீக்கம். தலைமைக் கடவுச்சொல் உறையிலிட்டு இரும்புப் பெட்டியில். யு.பி.எஸ். பெட்டி மின்சாரம் போனால் வியாபாரத்தைத் தொடர்வதற்கல்ல, ஒழுங்காக மூடுவதற்கு.

போன மாதச் சோதனையில் 'இரட்டை' திறக்கவில்லை. அன்று மாலையே திருப்பூர் போய் வேறு வாங்கி வந்தோம்.