குடல் அழற்சி நோய்: மருந்தும் உணவும் நோன்பும்

நோய்களுள் சில வந்து போகும். சில வந்து தங்கிவிடும். வந்து போகும் நோயில் நாம் அறிய வேண்டியது அதனைக் குணப்படுத்தும் வழி. தங்கிவிடும் நோயிலோ, அதனோடு வாழும் வழியை அறிந்தாக வேண்டும். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் இந்த இரண்டாம் வகையில் வைத்து நோக்க நம் மக்கள் பழகிவிட்டனர். அதே வகையைச் சேர்ந்த நெடுநாள் குடல் அழற்சியைப் பற்றிய அறிவு மட்டும் நம்மிடையே மிகக் குறைவாக இருக்கிறது. மலத்தோடு தொடர்புடைய நோயாதலால் அதனைப் பேச நாணுகிறோம். இரத்தம் கண்டால் மூலம் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். வயிற்றுப்போக்கு நீடித்தால் சீதபேதி என்று கருதி, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். மாதங்கள் பல கழிந்து, உடல் மெலிந்து, இரத்தம் குறைந்த பின்னரே உரிய மருத்துவரை நாடுகிறோம். இத்தாமதத்திற்கு நாம் கொடுக்கும் விலை பெரிது.

நோயின் இயல்பு

குடல் அழற்சி நோய் என்னும் பெயரில் இரு நோய்கள் அடங்கும். ஒன்று பெருங்குடல் புண் அழற்சி. இது மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். பெருங்குடலின் உட்சவ்வை மட்டுமே தாக்கும். சீதமும் இரத்தமும் கலந்த மலம், அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டிய அவசரம் ஆகியவை இதன் முதன்மை அறிகுறிகள். மற்றொன்று குரோன் நோய். இது வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தும் தோன்றலாம்; சிறுகுடலின் கடைப்பகுதியையே பெரிதும் பற்றும். குடற்சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவுவதால் குடல் சுருங்கி அடைபடுவதும், புரையோடிப் பௌத்திரம் உண்டாவதும் இதன் இயல்புகள். வயிற்றுவலி, காய்ச்சல், எடை குறைவு ஆகியவை இதில் முன்னிற்கும்.

இவ்விரண்டுமே உடலின் எதிர்ப்பாற்றல் நெறி தவறுவதால் விளைபவை. பிறவியில் அமைந்த மரபணுக் கூறுகள், குடலில் வாழும் நுண்ணுயிர்களின் சமநிலைக் குலைவு, வாழ்க்கைச் சூழல் ஆகிய மூன்றும் கூடி இதனைத் தூண்டுகின்றன. இது தொற்றுநோயன்று. உண்பதில் நோயாளி செய்த குற்றத்தின் விளைவுமன்று. மன உளைச்சல் நோயை மிகுவிக்கக்கூடும். ஆயினும் அதுவே நோயின் காரணம் எனல் பொருந்தாது.

குடற்புண்களைப் பற்றி இப்னு ஸீனா தமது ‘அல்கானூன்’ நூலின் மூன்றாம் பாகத்தில் ‘ஸஹ்ஜ்’ என்னும் பெயரால் ஆராய்ந்துள்ளார். எனினும் நாம் இன்று அறியும் இவ்விரு நோய்களும் தனித்தனியே இனங்காணப்பட்டது பிற்காலத்திலேயாகும். 1859இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் பெருங்குடல் புண் அழற்சிக்குப் பெயரிட்டார். 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் மற்ற நோயை விளக்கினர். பெயர்களின் அகர வரிசையில் முதலில் நின்ற குரோனின் பெயர் நோய்க்கு நிலைத்துவிட்டது.

நம் நாட்டில் இந்நோயை அறுதியிடுவதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. குடற்காசநோய் குரோன் நோயைப் போலவே தோன்றும். அறிகுறிகளும், உள்நோக்குக் கருவியில் தெரியும் புண்களும், சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தால் காணும் காட்சியும் பல வேளைகளில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். காசநோயைக் குரோன் நோய் என எண்ணி எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து கொடுத்தால் காசம் உடலெங்கும் பரவும். குரோன் நோயைக் காசம் எனக் கருதி மாதக்கணக்கில் காசநோய் மருந்தையே கொடுத்துவந்தால் அதற்குள் குடல் சுருங்கிவிடும். ஆகவே, ஐயம் நீங்காத நிலையில் காசநோய் மருந்தை முதலில் கொடுத்து, இரண்டு மூன்று மாதங்களில் புண்கள் ஆறுகின்றனவா என மீண்டும் உள்நோக்கிப் பார்ப்பது இங்குள்ள மருத்துவர்களின் வழக்கம். இந்த மறுபரிசோதனையை நோயாளி தட்டிக்கழித்தல் ஆகாது.

மருந்துகளின் வரலாறும் பயனும்

1930களின் இறுதியில் சுவீடன் நாட்டு மருத்துவப் பெண்மணி நன்னா ஸ்வார்ட்ஸ், மூட்டு அழற்சிக்கென ஒரு மருந்தை உருவாக்கினார். ஸல்ஃபா மருந்தொன்றையும் ஸாலிஸிலிக் அமில வகையொன்றையும் பிணைத்து ஆக்கிய ஸல்ஃபஸாலஸின் அது. பெருங்குடல் புண் அழற்சியிலும் அது வியத்தகு பயன் தந்தது. ஆனால் அதன் இரு கூறுகளுள் எது நோயைத் தணிக்கிறது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. இப்புதிரை விடுவித்த ஆய்வு 1977இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளிவந்தது. அதனை ட்ரூலவ், பிரிஸ் ஆகியோருடன் இணைந்து நடத்தியவர், பின்னாளில் வங்கதேசத்தின் பெருமைக்குரிய மருத்துவராக விளங்கிய ஆஸாத் கான். முழு மருந்தையும் அதன் கூறுகளையும் தனித்தனியே ஆசனவாய் வழிச் செலுத்தி ஒப்பிட்டபோது, பயன் தருவது ஸாலிஸிலிக் வகைக் கூறே என்பது தெளிவாயிற்று. ஒவ்வாமை முதலிய தொல்லைகளுள் பெரும்பாலானவற்றுக்கு ஸல்ஃபா கூறே காரணம். அதனை விலக்கியதால் கிடைத்த மெஸாலமைன் இன்று உலகெங்கும் இந்நோயின் முதல் மருந்தாக உள்ளது.

நோய் மலக்குடலிலும் இடப்பக்கப் பெருங்குடலிலும் மட்டும் இருந்தால், இம்மருந்தை ஆசனவாய் வழியே குளிகையாகவோ நீர்மமாகவோ செலுத்துவது மிகுந்த பயன் தரும். நம்மவர் பலர் கூச்சத்தால் இதனை மறுத்து மாத்திரையே போதும் என்கின்றனர். புண் உள்ள இடத்தையே மருந்து நேராகச் சென்றடையும் வழியை நாணத்திற்காக விடுவது அறிவுடைமையாகாது. குரோன் நோயில் மெஸாலமைனின் பயன் மிகச் சிறிது என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

நோய் கடுமையாகும்போது ஸ்டீராய்டு மருந்துகள் தேவைப்படும். 1955இல் ட்ரூலவும் விட்ஸும் வெளியிட்ட ஆய்வு, கார்ட்டிஸோன் இந்நோயின் கடுந்தாக்கத்தைத் தணித்து உயிரிழப்பைக் குறைப்பதை நிறுவியது. ஆயினும் ஸ்டீராய்டு தீயை அணைக்கும் நீர் போன்றது. வீட்டைக் காக்கும் கூரையன்று. அடங்கிய நோயை மீண்டும் எழாமல் தடுக்கும் ஆற்றல் அதற்கில்லை. நெடுநாள் உண்டால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்புரை தோன்றும், தொற்றுகள் எளிதில் பற்றும். ‘முன்பு இந்த மாத்திரையில் சுகம் கண்டது’ என்று பழைய சீட்டைக் காட்டித் தாமே வாங்கி உண்பதும், திடீரென நிறுத்துவதும் ஒருங்கே ஆபத்தானவை.

ஸ்டீராய்டின்றி நோயை அடக்கிவைக்க அஸத்தியோப்ரின் போன்றவை உதவும். இதன் முழுப் பயன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். இரத்த வெள்ளணுக்கள் குறையக்கூடுமாதலால் உரிய காலங்களில் இரத்தப் பரிசோதனை கட்டாயம். ஆசிய மக்கள் சிலரிடம் காணப்படும் ஒரு மரபணு வேறுபாடு இந்த இடரை மிகுவிக்கிறது. அதனை முன்கூட்டியே அறியும் சோதனையும் உண்டு. 1998இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்ற இன்ஃப்ளிக்ஸிமாப், உயிரியல் மருந்துகள் என்னும் புதிய வரிசையைத் தொடங்கிவைத்தது. இவற்றைத் தொடங்குமுன் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறதா என அறிவது இன்றியமையாதது. 2018இல் பெருங்குடல் புண் அழற்சிக்கு அங்கு ஒப்புதல் பெற்ற டோஃபாஸிட்டினிப், வாய்வழி உண்ணும் மாத்திரை. இந்திய நிறுவனங்களும் இதனைத் தயாரிப்பதால் செலவு குறைந்துள்ளது. மருந்துகளால் அடங்காதபோதும், குடல் அடைபடும்போதும் அறுவை மருத்துவம் உயிர் காக்கும் வழியாகிறது.

இத்துணை மருந்துகள் இருந்தும் நோய் திரும்புவதற்குப் பெரிய காரணங்களுள் ஒன்று நம் கையிலேயே உள்ளது: சுகமானதும் மருந்தை நிறுத்திவிடுதல். 2003இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, பெருங்குடல் புண் அழற்சி அடங்கிய நிலையில் மெஸாலமைனை ஒழுங்காக உண்ணாதோர்க்கு நோய் மீளும் வாய்ப்பு, ஒழுங்காக உண்டோரைவிட ஐந்து மடங்குக்கும் மேல் எனக் கண்டது. அறிகுறி இல்லை என்பதால் அழற்சி இல்லை என்று பொருளாகாது. மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்னும் புரதத்தை அளந்தும், உள்நோக்கிப் பார்த்துமே அதனை அறிய இயலும். பெருங்குடலில் நோய் தோன்றி எட்டாண்டுகள் ஆனபின், புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறிய உரிய இடைவெளிகளில் உள்நோக்குச் சோதனை செய்துகொள்ள வேண்டும். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றைத் தாமே உண்பது நோயைக் கிளறிவிடலாம். புகைபிடித்தல் குரோன் நோயைக் கடுமையாக்கும்.

உணவு

‘எதைச் சாப்பிடலாம்?’ என்பதே நோயாளியின் முதல் வினா. எல்லோர்க்கும் பொருந்தும் ஒரே பத்தியம் இந்நோய்க்கு இல்லை என்பதே நேர்மையான விடை. நோய் எழுந்திருக்கும் காலத்து உணவு வேறு. அடங்கியிருக்கும் காலத்து உணவு வேறு. எழுந்திருக்கும்போது குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், முட்டை, காரமில்லாத மீன், தோல் நீக்கி நன்கு வேகவைத்த காய்கள் ஆகியவை குடலுக்கு இதமானவை. பால் ஒவ்வாதோர்க்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். குரோன் நோயால் குடல் சுருங்கியோர் வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, சோளம், கொட்டைகள் முதலிய நார் மிகுந்தவற்றைத் தவிர்த்தல் வேண்டும். அவை அடைப்பை உண்டாக்கலாம்.

நோய் அடங்கிய பின்னும் அஞ்சி அஞ்சிக் கஞ்சியோடு நிற்பது நம்மிடையே காணும் பெருந்தவறு. காய், கனி, பருப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து இயல்பான உணவுக்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் நோயால் மெலிந்த உடல் பத்தியத்தாலும் மெலியும். இரும்பு, பி12, வைட்டமின் டி ஆகியவற்றின் குறைவைச் சோதித்து நிரப்புதலும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

உணவே மருந்தாகும் இடமும் ஒன்றுண்டு. குரோன் நோயுற்ற சிறார்க்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வேறுணவின்றி முழுமையான நீர்ம ஊட்ட உணவை மட்டும் கொடுத்தால், ஸ்டீராய்டுக்கு நிகராக நோய் அடங்குகிறது, வளர்ச்சியும் தடைப்படுவதில்லை. மஞ்சளைப் பற்றியும் ஒரு சொல். அதிலுள்ள குர்குமினைச் செறிந்த அளவில் மெஸாலமைனுடன் கொடுத்தபோது நன்மை கண்டதாக 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் சமையல் மஞ்சளில் குர்குமின் இருப்பது சில விழுக்காடே. குழம்பில் இடும் மஞ்சளை நம்பி மாத்திரையை விடுதல் ஆகாது.

நோன்பும் வணக்கமும்

ரமளான் நெருங்கும்போது இந்நோயாளர் உள்ளத்தில் எழும் கலக்கத்தை நாம் அறிவோம். எகிப்தில் நடத்தப்பட்டு 2022இல் வெளிவந்த ஆய்வொன்றில், நோன்பிருந்தோரின் அழற்சி அளவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. எனினும் பெருங்குடல் புண் அழற்சியுடையோரின் அறிகுறிகள் ஓரளவு மிகுந்தன. ஆகவே, நோய் நன்கு அடங்கியிருப்போர் ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கலந்துகொண்டு நோன்பு நோற்கலாம். மெஸாலமைனின் ஒரு நாளைய அளவை ஒரே வேளையில் உண்டாலும் பயன் குறைவதில்லை. எனவே ஸஹரிலோ நோன்பு திறந்த பின்னரோ அதனை உண்ணலாம். ஆசனவாய் வழி மருந்தை உறங்கப் போகுமுன் செலுத்துவதே வழக்கமாதலால், அது நோன்போடு முரண்படுவதில்லை. நோன்பு திறந்ததும் எண்ணெயில் பொரித்தவற்றைக் குவிக்காமல், நோன்புக் கஞ்சியோடு தொடங்கிப் போதிய நீர் அருந்துவது நலம்.

நோய் எழுந்திருப்போர், ஸ்டீராய்டு உண்போர், குடல் சுருங்கியோர், வயிற்றில் மலப்பை பொருத்தப்பட்டோர் ஆகியோர்க்கு நீரிழப்பும் உப்பிழப்பும் தீங்கு விளைவிக்கும். இவர்கள் நோன்பை விடுவது பலவீனமன்று. நோயாளிக்குத் திருமறையே அளித்துள்ள சலுகை அது. குணமான பின் வேறு நாட்களில் நோற்பதும், நோற்கும் நிலை இனி வராதெனில் ஏழைக்கு உணவளிப்பதும் மார்க்க அறிஞர்கள் தெளிவாக்கியுள்ள நெறி. அவ்வாறே, அடக்க இயலாத கழிவுடையோரும் மலப்பை அணிந்தோரும் ‘மஅதூர்’ என்னும் வகையினர். தொழுகை நேரம் வந்தபின் வுளூச் செய்து தொழுதால் போதும் என்னும் எளிமை அவர்களுக்கு உண்டு. இதனை அறியாமல் பள்ளிவாசலையும் தொழுகையையும் விட்டு ஒதுங்கியோரும், சலுகை இருந்தும் பிறர் பேச்சுக்கு அஞ்சி நோன்பிருந்து மருத்துவமனையில் சேர்ந்தோரும் நம்மிடையே உளர். நோயாளியிடம் ‘ஏன் நோன்பில்லை?’ என்று கேட்காமலிருக்கக் குடும்பத்தாரும் ஊராரும் பழகினால், மருந்து செய்ய இயலாத ஓர் உதவியை அவருக்குச் செய்தவர்களாவோம்.