முதல் வெற்றியிலேயே முடிவு கட்டலாமா?

பிள்ளை ஒரு பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுமே, "இவன் கலெக்டர்தான்!" என்று சொல்லிவிடுகிறோம், இல்லையா? அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களும் ஜெரமி லின் விஷயத்தில் அப்படித்தான் செய்தார்கள். என் பிள்ளைகள் சொல்லித்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

2010-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவரை, புது வீரர்களைப் பொறுக்கும் நாளில் எந்த அணியும் சீந்தவில்லை. நியூயார்க் நிக்ஸ் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு 2012 பிப்ரவரியில் வாய்ப்பு வந்தது. வெளுத்து வாங்கினார்! பலம் வாய்ந்த லேக்கர்ஸ் அணிக்கு எதிராக மட்டும் 38 புள்ளிகள். நிக்ஸ் தொடர்ந்து 7 ஆட்டங்களில் ஜெயித்தது.

அதே மாதக் கடைசியில் மயாமி அணி அவரை நன்றாக மடக்கிவிட்டது. ஆட்டத்தின் நடுவே எறிந்த 11 பந்துகளில் ஒன்றுதான் கூடையில் விழுந்தது. 8 முறை பந்தைப் பறிகொடுத்தார். அப்புறம் முழங்காலில் ஆபரேஷன் வேறு.

அதற்காக "அவ்வளவுதான்" என்று ஒதுக்கியவர்கள் சொன்னதும் சரியில்லை. பெரிய நட்சத்திரமாகாவிட்டாலும், பல அணிகளில் ஆடி, 2019-ல் கோப்பை வென்ற டொராண்டோ அணியிலும் இருந்தார்.

என் அபிப்பிராயம் இதுதான்: எதிராளி அவன் ஆட்டத்தைப் படித்துக்கொண்ட பிறகு என்ன செய்கிறான், தப்பைத் திருத்திக்கொள்கிறானா, உடம்பு தாங்குகிறதா? இந்த மூன்றையும் ஓரிரு வருஷம் பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். முதல் மார்க் வந்த அன்று பாயசம் வையுங்கள், ஜாதகம் எழுதிவிடாதீர்கள்!