விற்கச் சென்றவர் மனந்தளர்தல்: காரணமும் பரிகாரமும்

தோட்டத்திற் கமக்காரர் பெறும் விலைக்கும், நகரத்தில் வீட்டுக்காரர் கொடுக்கும் விலைக்கும் இடையே பெரியதோர் இடைவெளி உண்டு என்பதை எமது நெற்செய்கையாளரும் காய்கறிச் செய்கையாளரும் நன்கறிவர். சந்தைகள் சிலவற்றில் நூறு கிலோகிராமிற்குப் பத்துக் கிலோகிராம் "கழிவு" எனக் கழிக்கும் வழக்கமும் நெடுங்காலமாக அவர்களின் மனக்குறையாக இருந்து வந்துள்ளது. ஆகவே, அயலிலுள்ள எட்டுப் பேரோ பத்துப் பேரோ ஒன்றுசேர்ந்து, தமது விளைபொருளை வீடுகளுக்கும் வாராந்தச் சந்தைக்கும் தாமே கொண்டுசென்று விற்க முற்படுதல் நல்ல முயற்சியாகும்.

ஆயினும், பயிர் செழித்து விளைந்திருந்தும் விற்பவரின் மனம் தளர்ந்தமையாற் கலைந்துபோகும் குழுக்கள் உண்டு. பயிரைத் தாக்கும் நோய்க்கு அறிகுறியும் காரணமும் பரிகாரமும் இருப்பதுபோல இத்தளர்ச்சிக்கும் உண்டு. அவற்றை இங்கு ஆராய்வோம்.

அறிகுறிகள்

முதல் நாள் யாவரும் உற்சாகத்துடன் புறப்படுவர். சில வீடுகளில் "வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்பர். மாலையில் மீதிக் காய்கறியுடன் திரும்பும்போது ஒருவர், "எங்களிடம் யார் வாங்கப் போகிறார்கள்?" என்பார். மற்றொருவர், "பயிர் செய்யத்தான் எங்களுக்குத் தெரியும், வியாபாரம் எங்களுக்கு ஒத்துவராது" என்பார். அடுத்த வாரம் ஒருவர் வேலையென்று நின்றுவிடுவார். மூன்றாம் வாரம் பாதிப்பேரே வருவர். ஓர் இலையிற் தோன்றிய புள்ளி தோட்டம் முழுவதும் பரவுவதைப்போல, ஒருவரின் ஐயம் அனைவரின் ஐயமாகிவிடும். முடிவில், விலை எதுவாயினும் பழைய இடத்திலேயே கொடுத்துவிட்டு வருவோம் என்று ஒதுங்கிவிடுவர். கடன்பட்டுச் செய்த அப்போகத்தின் பயன் அத்துடன் கைநழுவிப் போகும்.

காரணம்

இத்தளர்ச்சிக்கு மூல காரணம் ஒன்றே. "இன்று வெண்டிக்காய் வேண்டாம்" என்று வீட்டுக்காரர் சொல்வதை, "நீ வேண்டாம்" என்று சொன்னதாக எமது மனம் எடுத்துக்கொள்கிறது. கடகத்தைச் சுமந்து பிறர் வாசலில் நிற்பது கௌரவக் குறைவு என்ற எண்ணமும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. தாம் விளைவித்ததை நேர்மையான நிறையில் விற்பதில் இழிவு யாதுமில்லை. எமது குடும்பப் பெண்கள் பலர் சந்தையில் அமர்ந்து விற்றுக் குடும்பத்தைக் காத்தவர்கள். இக்கலையில் அவர்களே எமக்கு ஆசிரியராகத் தக்கவர்கள்.

விதை நெல் கற்பிக்கும் பாடம்

விதைப்பதற்கு முன்னர் முளைதிறன் சோதனை செய்யும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். நூறு விதைகளை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் வைத்து, முளைத்தவற்றைக் கணக்கிடுகிறோம். எண்பத்தைந்து முளைத்தால் நல்ல விதை என்று மகிழ்கிறோம். முளையாத பதினைந்தை எண்ணி எவரும் கலங்குவதில்லை. ஐம்பது மட்டுமே முளைத்தாலும் "நான் கமஞ்செய்யத் தகுதியற்றவன்" என்று எவரும் சொல்வதில்லை. விதை பழையதா, ஈரம் பட்டதா, சரியாக உலர்த்தப்படவில்லையா என்றே ஆராய்கிறோம்.

வயலில் இத்துணை நிதானமாக இருக்கும் நாம் விற்பனையில் மட்டும் நிதானம் இழப்பது ஏன்? வயலில் எண்ணிப் பார்க்கிறோம்; விற்பனையில் எண்ணிப் பார்ப்பதில்லை. வேறுபாடு இதுவே.

பரிகாரம்: எண்ணி எழுதுதல்

ஒவ்வொரு குழுவும் ஒரு பயிற்சிப் புத்தகம் வைத்திருத்தல் வேண்டும். சென்ற வீடுகள் எத்தனை, வாங்கியவர் எத்தனை பேர், வாங்காதவர் சொன்ன காரணம் யாது என்பவற்றை அன்றன்றே அதில் எழுதுக. உதாரணமாக, ஒரு குழு நாற்பது வீடுகளுக்குச் சென்றதாகக் கொள்வோம். பன்னிரண்டு வீடுகளில் வாங்கினர். இருபத்தெட்டு வீடுகளில் வாங்கவில்லை. அன்று மாலைப் பேச்சில் இது "ஒருவரும் வாங்கவில்லை" என்றே வெளிப்படும். புத்தகம் கூறுவதோ வேறு:

ஏற்கெனவே சந்தையில் வாங்கிவிட்டோம் என்றவர் 11 பேர்.
வெண்டிக்காய் முற்றல் என்றவர் 7 பேர்.
சம்பளம் வந்த பின்னர் பார்ப்போம் என்றவர் 6 பேர்.
காரணம் கூறாதவர் 4 பேர்.

முதலாம், மூன்றாம் காரணங்களைக் கூறிய பதினேழு பேருக்கும் குறை நாளிலேயே இருந்தது. சந்தை நாளுக்கு முதல்நாட் சென்றால், அல்லது மாத முற்பகுதியிற் சென்றால், அவர்களுட் பலர் வாங்கக்கூடும். ஏழு பேர் கூறியது பொருளின் குறை; அது எமது கையிலேயே இருக்கிறது. நால்வரைப் பற்றி யாதும் அறியோம். "உங்களுக்கு விற்கத் தெரியாது" என்று கூறியவர் அந்த இருபத்தெட்டுப் பேரில் ஒருவரேனும் இல்லை. அதைக் கூறியவர் நாமே.

அடுத்த வாரம் அப்பன்னிரண்டு வீடுகளில் மறுபடியும் வாங்கியவர் எத்தனை பேர் என்பதையும் எழுதுக. ஒருமுறை வாங்கியவர் இரக்கத்தால் வாங்கியிருக்கலாம். இரண்டாம் முறை வாங்கியவர் பொருளை விரும்பியே வாங்குகிறார். குழுவின் உண்மையான பலம் இவ்வெண்ணே.

பொருளிற் செய்யவேண்டிய திருத்தங்கள்

புத்தகம் சுட்டிக்காட்டும் குறைகளிற் பல எளிதில் நீங்கக்கூடியவை.

(1) வெண்டியை ஒன்றுவிட்டொரு நாள் பறித்தல் வேண்டும். தவறினால் நார் பற்றி முற்றிவிடும்.

(2) கீரை வகைகளை வெயில் ஏறுமுன் பறித்து, நிழலில் வைத்து, ஈரத்துணியால் மூடிக் கொண்டுசெல்க.

(3) காய்களைச் சாக்கில் திணித்துக் கட்டாது பெட்டிகளில் அடுக்குக. நசுங்கிய காய் விற்பவரின் மனத்தையும் நசுக்கிவிடும்.

(4) புது நெல்லின் அரிசி குழைகிறது என்று குறை கூறுவோர் உண்டு. அது புது அரிசியின் இயல்பு. சில மாதம் வைத்திருந்து குற்றிய நெல்லைக் கொடுக்கலாம். இயலாவிடின், தண்ணீரைச் சற்றுக் குறைத்துச் சமைக்குமாறு விற்கும்போதே சொல்லிக் கொடுக்கலாம்.

(5) முத்திரை இடப்பட்ட தராசையே பயன்படுத்துக. நிறையிலும் தரத்திலும் ஒளிவு மறைவு இல்லாதவருக்குப் பிறர் முகத்தைப் பார்த்துப் பேசும் தைரியம் தானாகவே வரும்.

குறை கூறுபவரை அடக்கலாகாது

குழுவில் ஒருவர் எப்பொழுதும் குறையே கூறுவாராயின், அவரை அதட்டி அடக்கவோ விலக்கவோ சிலர் விரும்புவர். அது தவறு. அடக்கப்பட்டவர் மரத்தடியிற் பேசுவார். அங்கே அவருக்கு விடை கூற எவரும் இரார். மேலும் அவர் கூறுவது உண்மையாகவும் இருக்கக்கூடும். எல்லாம் நன்றாக நடக்கிறது என்று ஒருவரையொருவர் மகிழ்வித்துக்கொண்டே நட்டத்தை மறைத்த குழு, மனந்தளர்ந்த குழுவைவிட விரைவாக அழியும்.

ஆகவே அவரிடம் மரியாதையாக நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: யார் சொன்னார்? எந்த இடத்தில்? எப்பொழுது? என்ன சொன்னார்? விடை இருக்குமாயின் அது புத்தகத்தில் ஏறட்டும். குழு அதற்கு வழி தேடட்டும். விடை இல்லையாயின் அது வெறும் பயமே என்பதை அவரே உணர்வார். பயமும் குற்றமன்று. புதியவரைத் தனியே அனுப்பாது, பழகிய ஒருவருடன் மூன்று நான்கு முறை அனுப்பினால் அது குறைந்துவிடும்.

இருபத்தெட்டு நெசவாளர்

மெல்ல வளர்தல் தோல்வியன்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் றொச்டேல் என்னும் நகரில் வறுமையுற்ற நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர், சிறுகச் சிறுகச் சேர்த்த 28 பவுணுடன், 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி ஒரு கடையைத் திறந்தனர். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா ஆகிய சிலவே அங்கு இருந்தன. தெருச் சிறுவர்கள் கூடிநின்று ஏளனம் செய்தனர். கலப்படமற்ற பொருள், சரியான நிறை, கடனில்லா விற்பனை என்பனவே அவர்களின் விதிகள்.

1845ஆம் ஆண்டு முடிவில் அங்கத்தவர் தொகை 74 ஆயிற்று. அடுத்த ஆண்டு முடிவில் அது 80. அதாவது, ஓராண்டு முழுவதும் உழைத்தும் கூடியவர் அறுவரே. அவ்வாண்டில் அவர்கள் கடையை மூடியிருப்பின் எவரும் வியந்திரார். அவர்களோ கணக்கை ஒழுங்காக எழுதித் தொடர்ந்து நடத்தினர். 1850இல் அங்கத்தவர் 600 பேர். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்திற்கு அக்கடையே முன்மாதிரியாயிற்று. எமது நாட்டிலும் கூட்டுறவுச் சங்கங்களுக்கான முதற் சட்டம் 1911ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது.

தொடங்குவோர் கவனத்திற்கு

விளைச்சல் முழுவதையும் முதல் நாளே நேர் விற்பனைக்குக் கொண்டுசெல்ல வேண்டாம். நாலிலொரு பங்கைக் கொண்டு தொடங்குக. எஞ்சியதை வழக்கமான இடத்திற்கே கொடுக்கலாம். இழப்பதற்குச் சிறிதே இருக்கும்போது பயமும் சிறிதாகவே இருக்கும். முதன்முறை வாங்குவோருக்குக் கடன் கொடுத்தலைத் தவிர்க்க. மீந்து வந்த பொருளின் நட்டத்தை அன்று சென்றவர் தலையிற் சுமத்தாது, குழு முழுவதும் பகிர்ந்துகொள்க. தனியே நட்டமடைந்தவர் மறுவாரம் வரமாட்டார்.

எட்டு வாரம் இவ்வாறு நடத்தியபின் புத்தகத்தை விரித்து யாவரும் கூடி ஆராய்க. மறுமுறை வாங்குவோர் தொகை மெல்லவேனும் கூடிவருமாயின், இன்றைய வருமானம் குறைவென்று கலங்க வேண்டாம், தொடருங்கள். செய்யக்கூடிய திருத்தமெல்லாம் செய்தும் போக்குவரத்துச் செலவுகூட வரவில்லையாயின், பொருளையோ நாளையோ இடத்தையோ மாற்றுங்கள். அதுவும் பயனளிக்காவிடின் நிறுத்திவிடுவதும் வெட்கமன்று. கணக்கைப் பார்த்து நிறுத்துவது விவேகம். ஒரு மாலைநேரப் பேச்சைக் கேட்டு நிறுத்துவதே தோல்வி.

முளையாத விதையைக் கண்டு கமத்தைக் கைவிட்டவர் எமது பரம்பரையில் இல்லை. அந்த மனவுறுதியே கடகத்துடன் அடுத்த வாசலுக்குச் செல்லும்போதும் துணைநிற்கட்டும்.